குழாய் எந்த வீட்டுக்கு?

அத்தியாயம் ஆறு

குற்றம் நடந்த இடங்கள் பலவற்றைத் துப்பறிவாளர் இன்பமலர் பார்த்திருக்கிறார். காப்புறுதிக் கம்பனியொன்றில் இழப்பு மதிப்பீட்டாளராக இருந்த காலத்தில், எரிந்த கடைகளையும் எரிக்கப்பட்ட கடைகளையும் பிரித்தறியப் பழகியவர் அவர். ஆனால் ஒரு கழிப்பறையின் வாசலில், சேலைக் கொய்யகத்தை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தபடி நின்று விசாரணையைத் தொடங்குவது அவருக்கு இதுவே முதல் தடவை.

"செத்தவர் எந்தப் பக்கம் கிடக்கிறார், மலரக்கா?" என்று பின்னாலிருந்து றெக்சன் கேட்டான். அவன் ஓட்டோ ஓட்டுபவன். ஓட்டோ ஓடாத நேரத்தில் அவருடைய உதவியாளன். எந்த நேரத்திலும் வாய் மூடாதவன்.

"மூக்கைப் பொத்தினால் வாயும் சேர்ந்து மூடுமெண்டு நினைச்சன்," என்றார் இன்பமலர்.

புதிய வெள்ளைக் கொமட் விளிம்புவரை நிரம்பிக் கிடந்தது. சுவரில் பதித்திருந்த நீல ஓடுகளின் மினுக்கம் இன்னும் குறையவில்லை. வாளியும் கோப்பையும்கூடப் புதியவை. ஒரு கலியாணத்துக்காகவே கட்டப்பட்ட அறை அது. அதன் சொந்தக்காரி ரிஸ்னா கதவுநிலையைப் பிடித்தபடி நின்றாள். முப்பத்துநான்கு வயது; ஆறு வருடம் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டுத் திரும்பியவள்.

"ரோட்டுக் கழிவுக் குழாய்க்கு இணைப்புக் கட்டணம், ரோட்டு வெட்டுற கட்டணம், குழாய், மேசன் பாஸ்ட கூலி," என்றாள் அவள். "எல்லாம் நான்தான் குடுத்தன் மிஸ். மத்தவங்கட கக்கூஸ் கழுவி உழைச்சது, என்ட கக்கூஸுக்கே போயிட்டு. அதுவும் வேல செய்யிதில்ல."

"எப்ப வருகினம் மாப்பிள்ளை வீட்டார்?"

"வெள்ளிக்கிழம. ஜவ்பர் கிண்ணியாக்காரர். அவர்ட அக்கா, ரபீக்கா ராத்தா, வந்து வீட்டப் பாத்துத்தான் நாள் வைப்பாங்க. தனிக் குழாய் இல்லாத வீடு அரை வீடு எண்டு போன தடவையே சொல்லிட்டுப் போனவ."

இந்தக் கிழக்குக் கரையில் கலியாணம் என்றால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவது. ஆகவே பெண்ணுக்கு முன்னதாக வீடு தயாராகவேண்டும். வீட்டைப் பார்க்க வருபவர்கள் பெண்ணைப் பார்ப்பதைவிட நுணுக்கமாகப் பார்ப்பார்கள். துறைமுகத்தை நோக்கிச் சரியும் அந்த வளவை ரிஸ்னாவின் உம்மா உயிரோடு இருந்தபோதே இரண்டாகப் பிரித்திருந்தார். ரோட்டோடு சேர்ந்த மேட்டில் இருந்த முன்வீடு மூத்த மகள் அசனாவுக்கு. பள்ளத்தில் இருந்த பின்வீடு ரிஸ்னாவுக்கு. நிலம் இரண்டானாலும் குழி ஒன்றுதான். இரண்டு வீட்டுக் கழிவும் போய்ச் சேர்ந்த அந்தப் பழைய, ஆழமான குழி, சரிவோரமாக இருந்த அசனாவின் குசினிக்கு அடியில் இருந்தது. உம்மா மௌத்தான பிறகு எல்லைச் சுவரைப் பற்றி ஏற்பட்ட ஒரு வாய்த்தர்க்கத்தோடு சகோதரிகள் இருவருக்குமிடையில் பேச்சு நின்றுபோயிற்று. நடுவில் போய்வந்துகொண்டிருந்தவர் அவர்களுடைய வாப்பா கலீலுர் றஹ்மான் மட்டுமே.

அவர் இப்போது ஒரு தட்டில் பிளேன்டீயோடு வந்தார். மெலிந்த உடம்பு, தோய்த்து மடித்த சாரம், குரலில் ஒரு அவசரம்.

"குடிங்க தங்கச்சி. அந்த பஹ்மி பாஸ் கள்ளன். அவன்தான் குழாயை எங்கயோ அடைச்சு வச்சிட்டுப் போயிட்டான். வேற ஆரையும் விசாரிக்கத் தேவையில்ல."

"குழாய் போடேக்க ஆர் நிண்டது?" என்று இன்பமலர் ரிஸ்னாவைக் கேட்டார்.

"வாப்பாதான். நான் கொழும்பில நிண்டன். குவைத்தில பிடிச்சு வச்ச சம்பளத்துக்கு அலைஞ்சன்."

"உங்களுக்கு இந்த நாத்தம் பிடிபட்டது எப்ப, ஐயா?"

கலீலுர் றஹ்மான் தட்டைக் கீழே வைத்தார். "எனக்கு மூக்கு அவ்வளவு வேல செய்யாது."

"குடுத்து வைச்ச மனிசன்," என்று றெக்சன் முணுமுணுத்தான்.

*

அந்தக் கழிவுக் குழாயின் மான்ஹோல் ரோட்டோரத்தில், பின்வீட்டுக்கு இறங்கும் நடைபாதையின் வாசலில் இருந்தது. றெக்சன் இரும்புக் கம்பியைக் கொடுத்து மூடியைக் கிளப்பினான். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய ஓட்டம், மேலே சவர்க்கார நுரை.

"ரிஸ்னா, உங்கட வீட்டுத் தண்ணியைப் பூட்டிப்போட்டு வாங்கோ," என்றார் இன்பமலர்.

அவள் போய்ப் பூட்டிவிட்டு வந்தாள். நுரை நிற்கவில்லை.

"அது ரோட்டுப் பக்கமிருந்து திரும்பி வாற தண்ணி," என்றார் கலீலுர் றஹ்மான். "முன்வீட்டுக்கு இன்னும் குழாய் எடுக்கல்ல. அங்க பழைய குழிதான்."

"திரும்பி வாற தண்ணி சவர்க்காரம் போட்டுக் குளிச்சிட்டெல்லோ வருது, ஐயா," என்றான் றெக்சன். "எங்கட ஊர்த் தண்ணிக்கு நல்ல பழக்கம்."

இன்பமலர் சுற்றும்முற்றும் பார்த்தார். எல்லைச் சுவரின் இந்தப் பக்கம், பாதையோரத்தில், ரிஸ்னாவின் வாழைப்புதர் கரும்பச்சையாகத் தழைத்து நின்றது. கச்சான் காற்று ஊரையே வறுத்துக்கொண்டிருந்த மாதம். கிணறுகளில் வாளி தரைதட்டிக்கொண்டிருந்த காலம். அந்தப் புதருக்கு மட்டும் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. அதன் அடியில் ஒரு சருகுகூட இல்லை. ஆனால் மான்ஹோலின் அருகில், சுவரைத் தாண்டிக் காற்றுக் கொண்டுவந்து போட்ட வாழைச் சருகுகள் குவிந்து கிடந்தன. அவர் ஒரு துண்டைக் கிழித்துத் தண்ணீரில் போட்டார்.

சருகு ரோட்டை நோக்கி மிதந்து, குழாயின் வாய்க்குள் போய் மறைந்தது.

"திரும்பி வரேல்ல," என்றார் இன்பமலர். "போகுது."

கலீலுர் றஹ்மான் கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

*

பஹ்மி பாஸைக் கப்பல்துறைக் கிராமத்தில் கண்டுபிடித்தார்கள். கண்டி வீதியோரத்தில் ஒரு மதில் கட்டிக்கொண்டிருந்தார். ஓட்டோவையும் அதிலிருந்து இறங்கியவர்களையும் பார்த்துவிட்டு, சாந்துக் கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"மான்ஹோலில தண்ணி ஓடுதா இல்லையா? அதச் சொல்லுங்க."

"ஓடுது."

"அப்ப என்ட வேல சரி."

"பாஸ், கொமட்டில நிக்குது," என்றான் றெக்சன்.

"அது வேற கதை."

"ஒரு குழாய்க்கு எத்தின கதை வைச்சிருக்கிறீங்கள்?"

பஹ்மி பாஸ் ஒரு கல்லை வைத்து, பிடியால் தட்டி மட்டம் பார்த்தார். "தம்பி, பின்வீடு பள்ளத்தில. ரோட்டுக் குழாய்க்குத் தண்ணி போகோணுமெண்டா பாதை முழுக்க ஆழமாத் தோண்டோணும். பாதி வழியில ஒரு கல்லு. சின்னக் கல்லு இல்ல. கோணேசர் மலைக்கு ஒண்டுவிட்ட தம்பி மாதிரி ஒரு கல்லு. அத உடைக்க மெசின் வேணும். மெசினுக்கு அந்தப் புள்ள தந்த காசைப் போல இன்னொரு பங்கு வேணும்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்ல. அதுக்கு மேல எனக்கிட்டக் கேக்காதீங்க. வாக்குக் குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

அவர் சாந்தை அள்ளி அடுத்த வரியில் பரப்பினார்.

திரும்பும் வழியில் றெக்சன் பொருமினான். "கள்ளன் மலரக்கா. கல்லை உடைக்காமல் காசை விழுங்கிப்போட்டு, கல்லில பழியைப் போடுறான். பாவம், கல்லுக்கு வாயில்லை."

"காசை விழுங்கினவன் கல்லைப் பற்றி எங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டான்," என்றார் இன்பமலர். "வாக்கைப் பற்றியும் சொல்லியிருக்கமாட்டான். இது தன்ர பிழையை மறைக்கிற ஆளின்ர கதை இல்லை, றெக்சன். இன்னொருத்தரின்ர வெட்கத்தை மூடி வைச்சிருக்கிற ஆளின்ர கதை."

"அந்த இன்னொருத்தர் ஆர்?"

"அதை ஒரு வாழை சொல்லும். ஓட்டோவை முன்வீட்டு வாசலில நிப்பாட்டு."

*

அசனா கதவைத் திறந்தபோது இடுப்பில் ஒரு பிள்ளை. உள்ளே வேறு பிள்ளைகளின் கூச்சல். வந்தவர்கள் யார் என்று கேட்டதும் அவளுடைய முகம் இறுகியது.

"ரிஸ்னா அனுப்பினதா? சண்டைக்குக் கூலி குடுத்து ஆள் பிடிச்சிருக்காளா இப்ப?"

"கூலி இன்னும் தரேல்ல," என்றான் றெக்சன். "அதால சண்டையும் இன்னும் தொடங்கேல்ல."

அவளை மீறி ஒரு சிரிப்பு வந்துபோயிற்று. வழிவிட்டாள். இன்பமலர் நேராகக் குசினியின் பின்வாசலுக்குப் போய் வெளியே பார்த்தார். சுவரின் இந்தப் பக்கத்திலும் ஒரு வாழைப்புதர். அது புதர் என்று சொல்வதற்கில்லை. பழுப்பேறித் தொங்கிய தாள்களின் ஒரு கட்டு. காற்று ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சுவருக்கு அப்பால் எறிந்துகொண்டிருந்தது.

குசினிக்குள் கலீலுர் றஹ்மான் கதிரையொன்றில் இருந்தார். கடைக்குப் போனவர் வெறுங்கையோடு இங்கே வந்திருந்தார்.

"இந்த வாழை எப்ப பட்டது?" என்று இன்பமலர் அசனாவைக் கேட்டார்.

"வெயில்தானே மிஸ்," என்று வாப்பா முந்திக்கொண்டார்.

"வெயில் சுவருக்கு அந்தப் பக்கமும் அடிக்குது, ஐயா. அங்க தழைச்சு நிக்குது. ஒரே மண், ஒரே வெயில். குளிக்கிற தண்ணி, சட்டி கழுவுற தண்ணி எல்லாம் இதுவரைக்கும் இந்த வாழைக்குத்தானே வந்திருக்கும்? இப்ப அது வேற எங்கயோ போகுது. ஐயா, கொஞ்சம் எழும்புறீங்களா?"

அவர் எழும்பவில்லை. றெக்சன் மிக மரியாதையாக அவருடைய முழங்கையைப் பிடித்து எழுப்பினான். கதிரை விலகியதும், சிவப்புச் சீமெந்து நிலத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் தெரிந்தது. புதுக் கொங்கிறீற்.

"அது குழி மிஸ்," என்றாள் அசனா. "மூடி வெடிச்சு இடிஞ்சிட்டு. என்ட சின்னவள் ஸல்ஹாட கால் முழங்கால் வரைக்கும் உள்ளுக்குப் போயிட்டு. எங்கட அவர், முனீப், பிள்ளையளையும் கூட்டிட்டுத் தன்ட உம்மா வீட்டுக்குப் போறனெண்டு வெளிக்கிட்டவர். பிறகுதான் வாப்பா மண் போட்டு நிரப்பித் தந்தார்."

"அப்ப உங்கட தண்ணி எங்க போகுது?"

"ரோட்டுக் குழாய்க்குத்தான். வேற எங்க? ரிஸ்னாக்கு எடுக்கேக்க எங்களுக்கும் சேத்து வாப்பாதான் எடுத்துத் தந்தவர்." அவள் வாப்பாவைப் பார்த்தாள். பார்த்த பிறகு பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். "என்ன வாப்பா?"

இன்பமலரின் கண் குளியலறைப் பக்கம் போயிற்று. குளியலறைக் கதவோரத்தில் ஒரு கொடி. அதில் பிள்ளைகளின் சிறிய துவாய்களுக்கு நடுவே, ஓரம் நைந்த ஒரு பெரிய துவாய் தொங்கியது.

"இது ஆரின்ர துவாய்?" என்றார் இன்பமலர்.

"வாப்பாட. சாப்பாடு இங்க, படுக்கிறது ரிஸ்னா வீட்டில. உம்மா மௌத்தான நாளில இருந்து அப்பிடித்தான்."

"குளிக்கிறது?"

"அதும் முந்தி அங்கதான். குழாய் போட்ட பிறகுதான் மூட்டுவலியோட எல்லாத்துக்கும் இங்க வாறார். விடிய சுபஹுத் தொழுகைக்குக்கூட இங்க வந்துதான் கை கால் கழுவி ஒளுச் செய்யிறார்."

இன்பமலர் அந்தத் துவாயின் நுனியைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரமாக இருந்தது. இருக்கும் தடயங்களைக் காட்டிலும் இல்லாமற்போன தடயங்களே அவரை எப்போதும் அதிகம் உறுத்தும். மகளின் புத்தம்புதிய குளியலறையைத் தாண்டி, மூட்டுவலியோடு, மேட்டில் ஏறி இன்னொரு வீட்டுக்கு வரும் ஒரு மனிதர். தான் படுத்துறங்கும் வீட்டின் நாற்றம் அவருக்கு மட்டும் தெரியவில்லை.

"ஐயா, அந்தக் கொமட்டை நீங்கள் ஒருநாளும் பாவிக்கேல்ல," என்றார் அவர். குரலில் வெற்றி இல்லை. "அது கெதியா நிரம்பிவிடுமெண்டு இந்த உலகத்தில தெரிஞ்சது ரெண்டு பேருக்குத்தான். ஒருத்தர் பஹ்மி பாஸ். அவர் உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கிறார்."

"வாப்பா."

அழைத்தது அசனா அல்ல. எல்லைச் சுவருக்கு மேலால் ரிஸ்னாவின் தலை தெரிந்தது. எதிலோ ஏறி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

கலீலுர் றஹ்மான் பின்வாசற்படியில் அமர்ந்தார். சுவரைப் பார்க்காமல், பட்டுப்போன வாழையைப் பார்த்தே பேசினார்.

"பாதியில கல்லு வந்திட்டு. மெசினுக்குக் காசில்ல. கொழும்புக்குக் கோல் எடுத்து, இன்னும் அனுப்பு எண்டு கேக்க எனக்கு வாய் வரல்ல. ரோட்டு வெட்டியாச்சு, மான்ஹோல் கட்டியாச்சு, கட்டணம் கட்டியாச்சு. மேட்டு வீட்டுக்கெண்டா கல்லும் குறுக்க இல்ல, சும்மா இழுத்து விட்டாச் சரி. அந்தக் கிழமதான் ஸல்ஹாட கால் குழிக்குள்ள போனது. முனீப் சாமான் கட்டிட்டான்."

"என்ட குழாய்?" என்றாள் ரிஸ்னா.

"கல்லடியில நிக்குது. வாழைக்குப் பக்கத்தில."

"அப்ப ஒரு வருஷமா நான் வாழைக்கா காசு கட்டின? இல்ல, ராத்தாட பிள்ளையளுக்கா?"

"ஒரு வருஷமில்ல மகள், இப்பதானே..."

"எனக்கு ஆறு வருஷம் வாப்பா!"

அசனா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்லாஹ்வே, எனக்குத் தெரியாது ரிஸ்னா. ரெண்டு வீட்டுக்கும் எடுத்ததெண்டுதான் சொன்னவர். உனக்கிட்டக் கதைக்கவேணாம், காசு விசயம், அவளுக்குக் கோவம் வருமெண்டு சொன்னவர்."

"எனக்கிட்டயும் அப்பிடித்தான்," என்றாள் ரிஸ்னா. "ராத்தாக்கு எரிச்சல், குழாயைப் பத்திக் கதைக்காத எண்டு."

உம்மாவின் மௌத்துக்குப் பிறகு அந்தச் சகோதரிகள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தைகள் இவைதாம்.

"வெள்ளிக்கிழம வருவாங்க எண்டு தெரியுந்தானே?" ரிஸ்னாவின் குரல் தாழ்ந்தது. "என்ன நினைச்சீங்க வாப்பா?"

அவர் சாரத்தின் மடிப்பை நீவினார். பொய்யொன்றைத் தேடுகிறார் என்று றெக்சன் நினைத்தான். ஆனால் அவர் கண்டெடுத்தது பொய்யைவிட மோசமானது.

"அசனாக்குப் புருசன் பிள்ளையள் இரிக்கி. நீ தனியத்தானே மகள். தனிய இரிக்கிற ஆளுக்கு என்ன அவசரமெண்டு நினைச்சிட்டன்."

கச்சான் காற்று ஒரு தாளைப் பிய்த்துச் சுவருக்கு மேலால் எறிந்தது. அது ரிஸ்னாவின் தோளில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

"குழாயைத் திருப்புறது அரைநாள் வேலை," என்றான் றெக்சன் மெல்ல. "இந்தப் பக்கத்தை வெட்டிவிட்டால்..."

"வெட்டி?" என்றாள் ரிஸ்னா. "கல்லு எழும்பி வழி விடுமா? அந்தச் சின்னப் புள்ளட காலத் திருப்பிக் குழிக்குள்ள வைக்கச் சொல்லுறீங்களா?"

அவள் சுவரிலிருந்து இறங்கினாள். மறுபக்கத்தில் செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போவது கேட்டது. பிறகு அவளுடைய குரல். தொலைபேசியில், உரத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்பதைப்போல.

"ரபீக்கா ராத்தா, நான் ரிஸ்னா. ஓம், நல்லா இருக்கம். வெள்ளிக்கிழம வாறதுக்கு முந்தி ஒரு விசயம் சொல்லோணும். என்ட வீட்டுக்குக் குழாய் இல்ல. பழைய குழியும் இல்ல. கல்லு உடைச்சாத்தான் வரும், உடைக்க எனக்கிட்டக் காசில்ல. ஒளிச்சு வச்சு நிக்காஹ் செய்ய எனக்கு ஏலாது. பாத்துச் சொல்லுங்க."

பதில் கிண்ணியாவிலிருந்து, துறைமுகத்துத் தண்ணீரைத் தாண்டி, மெதுவாக வந்தது.

"சரி ராத்தா," என்றாள் ரிஸ்னா. "யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன பொருள் என்பது இரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் தெரியும். அசனா சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கலீலுர் றஹ்மான் எழும்ப முயன்று, முடியாமல் மறுபடியும் இருந்தார்.

ரிஸ்னா திரும்பிச் சுவரோரம் வந்தபோது அவளுடைய கைகளில் ஒரு சுருட்டிய பாயும், உறை மங்கிய ஒரு தலையணையும் இருந்தன. அவற்றைச் சுவரின் மேல் வைத்தாள். எறியவில்லை, விழாதபடி ஒழுங்காக வைத்தாள்.

"உங்கட துவாய் இரிக்கிற வீட்டில உங்கட பாயும் இரிக்கட்டும் வாப்பா."

"மகள்..."

"ராத்தா," என்று அவள் அசனாவைத்தான் பார்த்தாள். "பிள்ளையளக் கழுவுங்க, குளிப்பாட்டுங்க. குழாய் நல்லா வேல செய்யிது. நல்ல குழாய்தான் வாங்கின நான்."

*

ஓட்டோவின் அருகில் றெக்சன் மான்ஹோல் மூடியைத் தூக்கிப்பிடித்தபடி நின்றான். அதைத் திறந்துவிட்டு மூட மறந்திருந்தார்கள்.

"மலரக்கா, வழக்கு முடிஞ்சதோ?"

"முடிஞ்சுது."

"அப்ப குற்றவாளியை ஏன் நாங்கள் பிடிக்கேல்ல?"

"பிடிச்சு எந்த வீட்டில விடுறது?"

பள்ளிவாசலிலிருந்து நண்பகல் லுஹர் பாங்கு கேட்டது. முன்வீட்டுக்குள் ஒரு குழாய் திறபடும் சத்தம். யாரோ முதிர்ந்த ஒருவர் ஒளுச் செய்யும்போது தொண்டையைச் செருமும் சத்தம். சிறிது நேரத்தில் மான்ஹோலுக்குள் தெளிந்த தண்ணீர் வந்தது. ரிஸ்னாவின் பெயரில் எடுத்த இணைப்பின் வழியாக, அவளுடைய வாசலைக் கடந்து, ரோட்டுக்கடியில் போய் மறைந்தது.

றெக்சன் மூடியைப் போட்டு, அது சரியாகப் பொருந்தும்வரை காலால் மிதித்தான்.